கேட்டியா

கல்லூரியில் என் ரோல் நம்பர் 27. இருபத்தாறாம் நம்பர்காரி லீவு போட்டால் எனக்கும் ஆப்சென்ட் விழும்.

சார்மார் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான். ரிஜிஸ்டரைக் குனிந்து பார்த்தபடியே கூப்பிடுவதால் உதடு தெரியாது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முன் பெஞ்சில் இருக்கும் இருபத்தாறு எழுந்து 'எஸ் சார்' சொல்லி உட்காருவாள். அவள் பின்னல் பெஞ்சுக்குக் கீழே இறங்கியதும் மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டு நான் எழுந்திருப்பேன். அவள் வராத நாளில் இருபத்தைந்தைப் பார்த்து இரண்டு எண்ண வேண்டும். அந்த இடைவெளி சாருக்குச் சார் மாறும். ஒருமுறை அவசரப்பட்டு அவளுடைய எண்ணுக்கே எழுந்து நின்று, 'ப்ராக்ஸி கொடுக்கியா?' என்று வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டேன். மூன்று வருடமும் அவளுக்குத் தும்மல் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 'உடம்பைப் பாத்துக்கோடி' என்று அடிக்கடி சொல்லுவேன். அவ்வளவு அக்கறையான தோழி என்று என்னைப் பற்றி அவள் வீட்டில் பேச்சு.

எனக்குக் காது மந்தம். ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, அதற்குப் பிறகு இப்படி. காய்ச்சல்தான் காரணமா, அதற்குப் போட்ட ஊசியா என்று வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. முழுக்கக் கேட்காமல் இல்லை. பேச்சு நடப்பது தெரியும், யார் பேசுகிறார் என்று தெரியும், கோபமா சிரிப்பா என்பதுகூடத் தெரியும். சொல்தான் பிடிபடாது. உயிரெழுத்தெல்லாம் வந்து சேரும், மெய்யெழுத்துகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். 'பாட்டு' என்றாலும் 'காட்டு' என்றாலும் எனக்கு வருவது 'ஆட்டு'. மிச்சத்தை உதட்டைப் பார்த்து நிரப்ப வேண்டும். அதிலும் ஒரு வம்பு, பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோழிகள் படத்துக்குப் போகிறார்களா மடத்துக்குப் போகிறார்களா என்பதை அவர்கள் முகத்தில் இருக்கும் உற்சாகத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

எங்கள் குமரி மாவட்டத்துப் பேச்சில் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு 'கேட்டியா' தொங்கும். 'நாளைக்கு வரணும், கேட்டியா.' 'சொன்னத மறந்துராத, கேட்டியா.' சொல்பவர் யாரும் அதற்குப் பதிலை எதிர்பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் கேள்வியாகவே வந்து விழும். இல்லை, கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று சொல்லலாம்தான். சொன்னதில்லை. தலையாட்டிவிடுவேன். தமிழில் கேட்பது என்றால் இரண்டு அர்த்தம்: காதால் கேட்பது ஒன்று, வாய்விட்டுக் கேட்பது இன்னொன்று. முதலாவது சரியாக வராதவளுக்கு இரண்டாவதுதான் வழி. எனக்கோ அந்த இரண்டாவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான் இப்போது மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது. 'உங்களுக்குத்தான் மேடம் அந்தக் கஷ்டம் தெரியும்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். எந்தக் கஷ்டம்? சக்கர நாற்காலியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கண் தெரியாத பிள்ளை எப்படிப் பாடம் படிக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டு, அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவளிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்ததுபோல் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். பழக்க தோஷம்.

பிளஸ் டூ முடித்த கோடையில் அப்பா என்னை ஊனமுற்றோர் சான்றிதழ் எடுக்க அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். சத்தம் புகாத சிறிய அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஓசை வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வராதபோதும் அமுக்கினேன். பரிசோதனையும் எனக்குப் பரீட்சைதான், பரீட்சை என்றால் நல்ல மார்க் வாங்கியே பழக்கம். சோதித்தவர் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார். இரண்டு காதிலும் 54 டெசிபல் இழப்பு. அப்போது நடப்பில் இருந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டில் நல்ல காதிலேயே 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் அதன்படி கேட்டல் குறைபாடு. 'ஆறு குறையுதே மக்களே' என்றார். மார்க் குறைந்ததுபோல்தான் சொன்னார், நல்ல மனுஷன்.

வெளியே வந்ததும் அப்பா, 'நல்லதுதான மோளே, அவ்வளவு மோசமில்லன்னுதான அர்த்தம்' என்றார். பிறகு குலசேகரம் வந்து இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குத்தான் நிம்மதி. சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிவிட்டால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்பது அவள் கவலை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நகைக் கணக்கைப் பேசும்போது பெண்ணின் காதுக் கணக்கும் சேர்ந்து பேசப்படும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் இன்றைக்கும் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளில் பெண்களே அதிகம். விசாரித்துப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு கல்யாணப் பேச்சு நிற்கும்.

பிறகு 2016இல் புதிய சட்டம் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தது. பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா, பார்கின்சன், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் என்று பலரும் உள்ளே வந்தார்கள். அரசு கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 3 சதவீதமாக இருந்த இட ஒதுக்கீடு 5 சதவீதமானது, வயது வரம்பில் ஐந்து வருடச் சலுகை. ஆசையோடு காதுப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். 70 டெசிபலும் அதற்கு மேலும் காது கேளாதவர், 60 முதல் 70 வரை கேட்கும் திறன் குறைந்தவர். சட்டம் மாறிவிட்டது, என் 54 வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஆனால் அதே சட்டத்தில், தொடக்கத்தில் வரும் விளக்கப் பிரிவில், மாற்றுத்திறனாளி என்றால் யார் என்று சொல்லும் இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு உள்ளவர் என்பதோடு அது நிற்கவில்லை. அந்தக் குறைபாடு வெளியில் இருக்கும் தடைகளோடு சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறவர் என்கிறது. அப்படியானால் பாதி என் காதில் இருக்கிறது, மீதி எங்கேயோ வெளியே இருக்கிறது. 54 என்ற எண் என் காதைப் பற்றியது. நான் உட்கார்ந்திருந்த வகுப்பறையைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

வகுப்பறையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு. மழை பெய்தால் அவருக்கு வெட்டு கிடையாது, எனக்கு வகுப்பு கிடையாது. சார் வாயசைப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், எனக்குக் கூரை மட்டும் கேட்கும். மழையில்லாத காலை நேரத்தில், மின்விசிறி ஓடாமல், பலகைப் பக்கம் திரும்பாமல் எங்களைப் பார்த்துப் பேசும் ஒரு மேடம் வகுப்பெடுத்தால் எனக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இருக்காது. அதே காது, அதே 54. ஒன்பதரைக்குக் கேட்பவளாகவும் பத்தே காலுக்குச் செவிடியாகவும் ஒரே நாளில் இருந்திருக்கிறேன். சார் பலகையில் எழுதிக்கொண்டே பேசுபவராக இருந்தால் அதற்கு மழைகூட வேண்டாம்.

இதை நீதிமன்றமும் வேறொரு வழக்கில் தொட்டிருக்கிறது. விகாஸ் குமார் என்பவருக்கு எழுதத் தொடங்கினால் கை இழுத்துக்கொள்ளும். குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவுக்குள் அவர் வரவில்லை என்று குடிமைப் பணித் தேர்வில் ஸ்கிரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆள், மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஸ்கிரைப் வைத்துக்கொள்ளும் உரிமை 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமானது அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. இட ஒதுக்கீட்டுக்கு ஒரு கோடு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பரீட்சை எழுதக் கையில்லாதவனுக்கு எழுதிக் கொடுக்க எதற்குக் கோடு? மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்ற கணக்கும் இந்தக் கோட்டைப் பொறுத்ததுதான். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகத்தில் ஆறில் ஒருவருக்கு ஏதோ ஒரு குறிப்பிடத்தக்க குறைபாடு. நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அப்படியொரு ஆரோக்கியமா என்ன!

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் இருந்த காலத்தில்தான், 2010 வாக்கில், அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று அழைக்கத் தொடங்கியது. பஸ்ஸில் நொண்டி, செவிடி, பொட்டக்கண்ணன் என்று காதுபடப் பேசிக்கொண்டிருந்த ஊரில் (என் விஷயத்தில் காதுபட என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்) அது பெரிய காரியம். ஆனால் அந்தச் சொல் வந்த பிறகு என்னிடம் எல்லாரும் ஒரு மாற்றுத்திறனைத் தேட ஆரம்பித்தார்கள். 'படம் வரைவியா?' 'கைவேலை செய்வியா?' எனக்கு ஒன்றும் தெரியாது. கணக்குகூட வகுப்பில் ஏழாவது எட்டாவதாக வருவேன். சாதாரணமாக இருப்பதற்கு ஒரு சொல் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இப்போது முட்டத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் வரலாறு இரண்டாம் வருடம், நான் கணக்கு முதல் வருடம். பிறவியிலேயே பார்வை இல்லை. ஊரைக் கேட்டால், 'லைட்ஹவுஸ் இருக்க ஊர்க்காரன் மக்களே, பாத்தா தெரியலியா?' என்பார். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்கள், அது அவருக்குப் பிடிக்கும். ஒருநாள் நூலகத்துக்குள் வந்து, மேஜைகளைப் பொதுவாகப் பார்த்து, நல்ல சத்தமாக ஏதோ கேட்டார். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நூலகத்தில் யார் பேசினாலும் அது நம்மிடம்தானோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. வழக்கம்போல் தலையாட்டினேன். அவருக்குத்தான் அது தெரியாதே. நூலகர் சொல்லிவிட்டார், 'இந்தப் பிள்ளை சரிங்குது.'

எதற்குச் சரி சொன்னேன் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அவருடைய வழக்கமான ஸ்கிரைப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. மாடல் எக்ஸாம். கையெழுத்து நல்லா இருக்கிற யாராவது வர முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். சொல்வதைக் கேட்டு எழுத வேண்டிய வேலைக்குக் காது கேளாத நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

தனி அறை, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மேலே ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு வந்த மேடம் கதவோரம் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் கேள்விகளை வாசித்தேன், அது பிரச்சனையில்லை. அண்ணன் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பதில் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு என்னைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் என்ன? நான் கிடைத்ததை எழுதினேன். ஒரு பக்கம் ஆனதும், 'வாசிச்சுக் காட்டு மக்களே' என்றார். அதையும் இரண்டாவது தடவைதான் பிடித்தேன். குளச்சல் போர் பற்றிய கேள்வி. எங்கள் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போர். 1743 என்று வாசித்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'நாற்பத்தி ஒண்ணுன்னு சொன்னேன்.'

ஒண்ணு, மூணு. எனக்கு இரண்டும் 'ஊணு' மாதிரிதான். அந்தப் பக்கத்தை மேலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பாதி அவர் சொன்னதே இல்லை. எனக்குக் கை நடுங்கியது. கூடப் படிக்கும் ஒருத்தியிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அங்கே சொன்னேன்: 'அண்ணே, எனக்குச் சரியா காது கேக்காது.'

அவர் சிரித்த சிரிப்பில் மேடம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார். 'எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?' என்றார். பிறகு, 'சரி. இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு' என்றார்.

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஐயோ பாவம் கேட்டிருக்கிறேன், மிஷின் மாட்டலாமே கேட்டிருக்கிறேன், ஜெபம் பண்ணுங்க கேட்டிருக்கிறேன். என்ன செய்யணும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமே, அதுவும் எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். ஃபேனை அணைக்கணும். முகத்தை இந்தப் பக்கம் திருப்பணும். மெதுவாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் குரல் வந்த திசைக்கு முகத்தை வைத்துக்கொண்டார். அது கொஞ்சம் இடப்பக்கமாகப் போனது, நான் நகர்ந்து உட்கார்ந்தேன். ஆண்டுகளை வாயால் சொல்லாமல் மேஜையில் விரலால் தட்டுவது அவர் யோசனை. ஒரு தட்டு, ஏழு தட்டு, நாலு தட்டு, ஒரு தட்டு. மேஜையில் கை வைத்துக்கொண்டு நான் எண்ணி எழுதினேன். பூஜ்யத்துக்கு உள்ளங்கையால் ஒரு அடி. அரை மணி நேரத்தில் மேடம் வியர்வை தாங்காமல் நாற்காலியை வராந்தாவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் நாலு மணி நேரம் வெந்துகொண்டே எழுதினோம்.

அதன் பிறகு அவர் படித்த காலம் முழுக்க அவரைச் சுற்றி ஒரு ஏற்பாடு இருந்ததைக் கவனித்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட ஒருவன், பாடப் புத்தகத்தை வாசித்து மெமரி கார்டில் பதிந்து கொடுக்க இரண்டு பிள்ளைகள், மதியம் சாப்பாட்டுக்குக் கூட இருக்க இன்னொருவன், பிரெயிலில் குறிப்பு எடுத்த பிறகு எழுத்துப் பிழை சரிபார்க்க நான். எல்லாவற்றுக்கும் ஒரே நண்பன் போதுமே என்று ஒருநாள் சொன்னேன். 'எல்லாத்தையும் ஒருத்தன்கிட்ட கேக்கப்பிடாது மக்களே. ஒருத்தனுக்குச் சலிச்சுப்போனா அன்னைக்கே எல்லாம் நின்னுரும். பத்துப் பேருகிட்ட பத்துப் பைசா கடன் மாதிரி பிரிச்சு வச்சிருக்கேன்' என்றார். நான் அதிர்ந்துபோனேன். அவர் கலகலப்பான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கலகலப்பும் கணக்கில் சேர்த்தி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உதவி கேட்டால் கிடைக்குமா? கல்லூரியில் மற்றவர்கள் ஐந்து பேப்பர் எழுதினார்கள் என்றால் அண்ணனுக்கு இது ஆறாவது. அரியர் வைக்க முடியாத பேப்பர்.

நான் மூன்றாம் வருடத்தில் காது மிஷின் வாங்கினேன். பொத்தான் அளவு பேட்டரி, மேலே ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்ததும் காற்று பட்டு உயிர் வந்துவிடும். அதன் பிறகு மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். முடியைக் காதுக்கு மேல் இறக்கிப் பின்னி, அதன் மேல் தோவாளைப் பிச்சிச் சரத்தைத் தொங்கவிட்டு மறைத்தேன். யாராவது கட்டிப்பிடித்தால் கீ என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது முடியை மேலே தூக்கித்தான் கட்டுகிறேன். முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன், சந்தேகம் இருந்தால் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று. கடைசி பெஞ்சில் இருந்து கிசுகிசுத்து என்னைக் கிண்டல் செய்வது மகா சுலபம். செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். செய்யட்டும்.

பொறுப்பு வந்ததும் முதலில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட பட்டியலில் போலியோ கால்கள்தான் அதிகம் இருக்கும். இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரியில், 2014இல் நாடே போலியோ இல்லாதது என்று அறிவித்தாயிற்று. இப்போது பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா இருக்கும் ஒரு பையன், நெரிசல் பஸ்ஸில் இடிபட்டால் முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், ஆகவே கூட்டம் குறைந்த பஸ் வரும்வரை நின்றுவிட்டு முதல் பீரியடுக்கு வர மாட்டான். 'நல்லாத்தானடே இருக்க' என்பது அவனுக்கு வாரம் ஒருமுறை கிடைக்கும் பாராட்டு. நொண்டினால் நம்புவார்கள் மிஸ் என்றான்.

பார்வையற்ற ஒரு மாணவி இருக்கிறாள், பி.ஏ. தமிழ். முட்டத்து அண்ணனின் மெமரி கார்டு காலம் போய், இவள் லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. வைத்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். துறையில் கொடுத்த நோட்ஸ் அது. 'டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்' என்று ஓடியது. பாமினி எழுத்துருவில் 'வணக்கம்' என்ற சொல் அது. பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது கண்ணுக்கு மட்டும்தான், கணினிக்கு உள்ளே அது ஆங்கில விசைகளாகவே கிடக்கும். 2010லேயே அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டைப் செய்து பழகிய கை மாறுமா? மூன்று பேப்பருக்கான நோட்ஸை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அவள் அதை இரண்டு செமஸ்டராக யாரிடமும் கேட்கவில்லை. ஏன் என்றேன். 'சாருக்கு வயசாயிட்டு மிஸ், அவருக்கு இதெல்லாம் தெரியாதுன்னு வருத்தப்படுவாரு.' கேட்பவள்தான் கேட்கப்படுபவரின் மனசையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருவட்டார்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பி.காம். பிளஸ் ஒன் படிக்கும்போது பைக்கில் விழுந்து முதுகெலும்பில் அடி, சக்கர நாற்காலி. அவனுக்காக வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கியிருந்தார்கள், நல்ல விஷயம். வாசலில் மூன்று படி, பக்கத்தில் ஒரு சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது முறை. மூன்று படி என்றால் ஒன்றரை அடி, பதினெட்டு அடி நீளம் வேண்டும். எங்களுடையது ஐந்தடி. தள்ள ஆள் இல்லாமல் ஏற முடியாது, பிடிக்க ஆள் இல்லாமல் இறங்க முடியாது. போதாததற்கு அது பைக் நிறுத்த வாகான இடம்.

ஆனால் அவன் அதைப் பற்றிச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தது இன்னொன்று. ஓணத்துக்குப் பிள்ளைகள் அத்தப்பூ போட்டு, டிபார்ட்மென்ட்டில் அடைப்பிரதமன் செய்து கொடுத்தார்கள். அவன் கப்பை வாங்கிப் பக்கத்திலேயே வைத்திருந்தான், குடிக்கவில்லை. 'எலே, சுகர் கிகர் இருக்கா?' என்று பையன்மார் கிண்டல் செய்தார்கள். சிரித்துக்கொண்டான். எல்லாரும் போன பிறகு கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். நான் முட்டத்து அண்ணன் சொன்னதையே சொன்னேன்: 'சரி, நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு.' அப்புறம்தான் சொன்னான். காலையில் வீட்டில் ஏழு மணிக்கு ஒரு வாய் தண்ணீர், அதற்குப் பிறகு நாலரைக்கு வீடு போகும்வரை எதுவும் குடிப்பதில்லை. டாய்லெட் கதவு இரண்டடி, அவன் நாற்காலி இரண்டே கால் அடி.

மூன்று அங்குலம். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன், அவன் சொன்னது சரி. அந்த மூன்று அங்குலத்துக்கு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபைல் ஏறி இறங்கி ஏழு மாதம் ஆனது. கடைசியில் ஒரு ஆசாரி வந்து அரை நாளில் நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார். புதுக் கதவு வரும்வரை தற்காலிகமாகப் பச்சைத் திரை ஒன்று தொங்குகிறது. தற்காலிகம் என்றால் எங்கள் பக்கம் எத்தனை காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் இப்போது பதினோரு மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறான். திரைக்கு வெளியே நிற்க ஒரு கூட்டாளி வேண்டும், அதற்கு மூன்று பேரை மாற்றி மாற்றி வைத்திருக்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முட்டத்து அண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். எங்களுக்குள் இன்னும் பேச்சு உண்டு. நான் எழுதி அனுப்புவேன், அவர் போன் அதை அவருக்கு வாசிக்கும். அவர் பேசி அனுப்புவார், என் போன் அதை எழுத்தாக்கிக் காட்டும். இடையில் யாரும் வேண்டாம். ஒரே குறை, போனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு விளங்காது. போன மாசி மாதம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. என் திரையில் இப்படி விழுந்தது: 'அக்கா நீ இறங்கி ஆச்சு குடிக்க வா கேட்டியா.'

என்னை எப்போது அக்காவாக்கினார், எதிலிருந்து இறங்கச் சொல்கிறார் என்று கால் மணி நேரம் மண்டையைக் குடைந்தேன். பிறகு வாய்விட்டு வாசித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பனையிலிருந்து அக்கானி, வெளியூர்க்காரர்களுக்குப் பதநீர், இறங்கியிருக்கிறது.

'கேட்டேன் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வாறேன்' என்று எழுதி அனுப்பினேன்.